விரிசலின் வரவு செலவுக் கணக்கு

1943, ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரம். ஆற்றோரத்தில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல் கட்டப்பட்டு நின்றுகொண்டிருந்தது. வெள்ளோட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. புயல் இல்லை, அலை இல்லை. போர்க்காலம்தான், ஆனால் குண்டு எதுவும் விழவில்லை. இரவில் திடீரென்று ஒரு சத்தம். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்டதாம். பார்த்தால் கப்பல் நடுவில் பிளந்து கிடந்தது. மேல்தளமும் இரண்டு பக்கச் சுவர்களும் கிழிந்துவிட்டன. அடித்தகடு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. நடுப்பகுதி கூரை முகடு போல மேலே தூக்கிக்கொள்ள, முன்பக்கமும் பின்பக்கமும் ஆற்றின் தரையில் போய் உட்கார்ந்துவிட்டன.

இரும்பு வளையும், நெளியும், கிழியும். கண்ணாடி மாதிரி ஒரே நொடியில் படாரென்று உடையுமா? அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி இதுதான். இதில் வேடிக்கையும் சோகமும் என்னவென்றால், இதற்கான பதிலை ஒருவர் அதற்கு இருபத்திரண்டு வருடம் முன்பே அச்சில் போட்டுவிட்டார். அவர் உடைத்துப் பார்த்தது கண்ணாடியை என்பதால் இரும்போடு வேலை செய்தவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். விரிசலின் கதை உண்மையில் ஒரு வரவு செலவுக் கணக்கு. நம் காஸ்டிங் பேப்பரில் வருகிற ஒரு கணக்கை அப்படியே போட்டால் விடை வந்துவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை :-)

ஓட்டை போட்டால் என்ன ஆகும்?

முதலில் 1913-க்குப் போவோம். சார்லஸ் இங்கிலிஸ் என்று ஒரு கேம்பிரிட்ஜ் பொறியாளர். கப்பல் வடிவமைப்பாளர்களின் சங்கத்தில் அந்த வருடம் ஒரு ஆய்வுக் கட்டுரை படித்தார். ஒரு தகட்டை இரண்டு பக்கமும் இழுக்கிறோம். அதன் நடுவில் ஓர் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்?

ஓட்டை இருக்கிற இடத்தில் தகடு விசையைத் தாங்க முடியாது. அந்தப் பங்கும் ஓட்டையின் ஓரத்தில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சாலையில் பள்ளம் தோண்டினால் வண்டிகள் எல்லாம் பள்ளத்தின் ஓரத்தில் நெரிசலாகப் போகிற மாதிரி. இங்கிலிஸ் இதற்குக் கணக்கு சொன்னார். வட்ட ஓட்டையின் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்கு. ஓட்டை நீள்வட்டமாக, அகலத்தைப் போல பத்து மடங்கு நீளமாக, விசைக்குக் குறுக்கே கிடந்தால் அதன் முனையில் 21 மடங்கு. முனை கூராகக் கூர ஆக இது ஏறிக்கொண்டே போகும்.

பிரமாதமான கணக்கு. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள். விரிசல் என்பது ரொம்ப ரொம்பக் கூர்மையான ஓர் ஓட்டை. அப்படியானால் அதன் முனையில் விசை கணக்கில்லாமல் ஏற வேண்டும். கீறல் விழுந்த எந்தப் பொருளும் தொட்டவுடன் உடைய வேண்டும். ஆனால் உடைவதில்லை. கீறல் விழுந்த டம்ளரில் நாம் வருடக்கணக்கில் தண்ணீர் குடிக்கிறோம்.

இரண்டாவது சிக்கல்: இங்கிலிஸ் கணக்கில் ஓட்டையின் வடிவம்தான் முக்கியம், அளவு இல்லை. ஒரே வடிவமாக இருந்தால் சின்ன விரிசலும் பெரிய விரிசலும் ஒரே ஆபத்து. நடைமுறையில் பெரிய விரிசல்தான் ஆபத்து என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கணக்கை மாற்றிப் போட்டவர்

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். ஆலன் ஆர்னால்டு கிரிஃபித். 1893-ல் லண்டனில் பிறந்தவர். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற ஊரில் இருந்த அரசு விமான ஆய்வுக்கூடத்தில் 1915-ல் சேர்ந்தார். விமான இயந்திர பாகங்களில் அரம் போட்டு ராவியதால், சாணை பிடித்ததால் விழும் சின்னக் கீறல்கள் பாகத்தின் பலத்தை எவ்வளவு குறைக்கின்றன என்பதுதான் அவரை இதில் இழுத்த கேள்வி. அதற்கு விடை தேடி அவர் கையில் எடுத்தது கண்ணாடி. கண்ணாடி வளையாது, நெளியாது, நேராக உடையும். கணக்கு சுத்தமாக வரும்.

1920-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்து 1921-ல் வெளியான கட்டுரையில் அவர் கேள்வியையே மாற்றினார். முனையில் எவ்வளவு விசை என்று கேட்காமல், விரிசல் இன்னும் கொஞ்சம் நீண்டால் அதற்கு லாபமா நஷ்டமா என்று கேட்டார்.

செலவு என்ன? விரிசல் நீளும்போது இரண்டு புதிய பரப்புகள் உண்டாகின்றன. ஒட்டிக்கொண்டிருந்த அணுக்களைப் பிரிக்க வேண்டும், அதற்கு ஆற்றல் தேவை. தண்ணீர்த் துளி உருண்டையாக நிற்பதும் இதே காரணத்தால்தான். பரப்பு என்பது விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள், அதனால் முடிந்தவரை குறைவாக வைத்துக்கொள்கிறது.

வரவு என்ன? இழுக்கப்பட்ட தகடு, இழுத்த ரப்பர் பேண்ட் மாதிரி ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. விரிசல் வந்ததும் அதன் இரு பக்கமும் உள்ள பகுதி தளர்ந்துவிடும். அங்கே இருந்த ஆற்றல் விடுதலை ஆகும். அதுதான் விரிசலின் வருமானம்.

இப்போது கவனியுங்கள். செலவு விரிசலின் நீளத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் செலவு இரட்டிக்கும். ஆனால் தளர்ந்த பகுதி நீளத்திலும் பெருகும், அகலத்திலும் பெருகும். அதனால் வரவு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இரட்டித்தால் வரவு நான்கு மடங்கு!

புரிவதற்காக நானே ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஓர் அலகு நீளத்துக்கு செலவு 10 ரூபாய், வரவு நீளத்தின் வர்க்கம் என்று வைத்துக்கொள்வோம்.

நீளம் 1: வரவு 1, செலவு 10. நஷ்டம் 9.
நீளம் 4: வரவு 16, செலவு 40. நஷ்டம் 24.
நீளம் 5: வரவு 25, செலவு 50. நஷ்டம் 25.
நீளம் 6: வரவு 36, செலவு 60. நஷ்டம் 24.
நீளம் 10: வரவு 100, செலவு 100. சரிக்குச் சரி.

விரிசல் எப்போது தானாக ஓட ஆரம்பிக்கும்? பிரேக் ஈவன் பாயின்ட் ஆன 10-ல் என்றுதான் அவசரத்தில் சொல்லத் தோன்றும். தப்பு! 5-ல். 4-லிருந்து 5-க்குப் போக வரவு 9, செலவு 10. அந்த அடியில் நஷ்டம், யாராவது வெளியிலிருந்து தள்ளினால்தான் நீளும். 5-லிருந்து 6-க்குப் போக வரவு 11, செலவு 10. அந்த அடியில் லாபம். அடுத்த அடியில் இன்னும் லாபம். அதற்கப்புறம் யாரும் தள்ள வேண்டாம், தன் லாபத்திலேயே ஓடும். மார்ஜினல் காஸ்ட்டும் மார்ஜினல் ரெவென்யூவும் சமமாகும் இடம்தான் எல்லைக்கோடு. மொத்த நஷ்டம் மிக அதிகமாக இருக்கும் இடமும் அதுவேதான் என்பது இதில் இன்னொரு ஆச்சரியம்.

இன்னொன்றும் இருக்கிறது. சேமிப்பு ஆற்றல் விசையின் வர்க்கத்தில் ஏறும். விசையை இரட்டித்தால் வரவு நான்கு மடங்காகும். எல்லை நீளம் 5-லிருந்து 1.25-க்கு இறங்கிவிடும். நேற்றுவரை சாதுவாகக் கிடந்த அதே விரிசல், பாரம் கூடிய அன்று கொலைகார விரிசலாக மாறுவது இப்படித்தான். விரிசல் மாறவில்லை, கணக்கு மாறிவிட்டது.

அப்படியானால் இங்கிலிஸ் சொன்னது தப்பா? இல்லை. திருடுவதற்கு ஆசையும் வேண்டும், கருவியும் வேண்டும் அல்லவா? முனையில் குவியும் விசை அணுக்களைப் பிரிக்கும் கருவி. லாபம்தான் ஆசை. இரண்டும் சேர்ந்தால்தான் உடையும். விரிசலின் முனையில் ஒரு வட்டத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. ஆசையை ஒன்றும் செய்யாமல் கருவியை மழுக்குகிற வேலை அது.

சோதனை

கிரிஃபித் சும்மா கணக்கோடு நிற்கவில்லை. கண்ணாடிக் குமிழ்களிலும் குழாய்களிலும் தெரிந்த நீளத்துக்கு விரிசல் உண்டாக்கி, உள்ளே அழுத்தம் ஏற்றி வெடிக்க வைத்துப் பார்த்தார். 0.15 அங்குல விரிசல் இருந்தது சதுர அங்குலத்துக்கு 864 பவுண்டு இழுவிசையில் உடைந்தது. 0.89 அங்குல விரிசல் இருந்தது 366 பவுண்டிலேயே உடைந்தது. விரிசல் நீளம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. ஆறின் வர்க்கமூலம் சுமார் 2.4. தாங்கிய பலமும் அதே அளவுக்குக் குறைந்திருக்கிறது (864-ஐ 366-ஆல் வகுத்துப் பாருங்கள்). செலவுப் பக்கத்துக்கான விலையையும் அவர் இந்தச் சோதனையிலிருந்து எடுக்கவில்லை. கண்ணாடியை உருக்கி அதன் பரப்பு இழுவிசையை அளந்து, அறை வெப்பநிலைக்கு எவ்வளவு வரும் என்று தனியாகக் கணக்கிட்டார். இரண்டும் பொருந்தின.

அடுத்த கேள்வி இன்னும் பெரியது. விரிசலே போடாத கண்ணாடியும் ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறது? அணுக்களின் பிணைப்பை வைத்துப் பார்த்தால் அது பல மடங்கு தாங்க வேண்டுமே? கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் அதில் ஏற்கனவே இருக்கின்றன என்றார் கிரிஃபித். நிரூபிக்க மெல்லிய கண்ணாடி இழைகளை இழுத்துச் சோதித்தார். இழை மெல்லியதாக ஆக, பெரிய விரிசல் ஒளிந்திருக்க இடமில்லை. 1 மில்லிமீட்டர் இழை சதுர அங்குலத்துக்கு சுமார் 25,000 பவுண்டு தாங்கியது. 3.3 மைக்ரான் இழை 4,91,000 பவுண்டு தாங்கியது! அதே கண்ணாடிதான், ஏறக்குறைய இருபது மடங்கு பலம். புதிதாக இழுத்த இழைகளின் பலம் சில மணி நேரத்தில் குறைந்து ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது என்பதையும் கவனித்துக் குறித்து வைத்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை ஜே. இ. கார்டன் என்ற பொருளியல் அறிஞர் (பொருளாதாரம் இல்லை, பொருட்களின் அறிவியல்!) தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கிரிஃபித்தின் உதவியாளர் பென் லாக்ஸ்பைசர் ஒரு நாள் மாலை கண்ணாடி உருக்கும் கேஸ் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். தீப்பிடித்தது. விசாரணை வந்தது. இந்த வேலையில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கிரிஃபித் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். பிறகு ஜெட் என்ஜின் துறையில் பெரிய பெயர் எடுத்தார், 1939-ல் ரோல்ஸ் ராய்ஸில் சேர்ந்தார், 1963-ல் இறந்தார். விரிசல் கணக்கு அலமாரியில் தூங்கியது.

கப்பல்களுக்கு வருவோம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா 'லிபர்ட்டி' என்ற ஒரே மாதிரி சரக்குக் கப்பல்களை 2,710 கட்டியது. 'ராபர்ட் ஈ. பியரி' என்ற கப்பலைக் கட்ட ஐந்து நாள்கூட ஆகவில்லை. இந்த வேகத்துக்குக் காரணம், ரிவெட் அடிப்பதற்குப் பதிலாக வெல்டிங் செய்தது. ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டில் விரிசல் ஓடினால் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பல் முழுவதும் ஒரே தகடு மாதிரி. ஓட ஆரம்பித்தால் தடுக்க ஆளில்லை. அதோடு சரக்கு இறக்கும் திறப்புகளின் மூலைகள் சதுரமாக இருந்தன. இங்கிலிஸின் கூர்முனை அங்கே தயாராகக் காத்திருந்தது. அவர் இதைக் கப்பல்காரர்கள் சங்கத்தில்தான் படித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

போர்க்கால வெல்டிங் கப்பல்களில் பெரிய விரிசல்கள் மட்டும் சுமார் 1,500 பதிவாகின. பன்னிரண்டு கப்பல்கள் முன்னறிவிப்பு இல்லாமல் இரண்டாக உடைந்தன. 1943 நவம்பரில் 'ஜான் பி. கெய்ன்ஸ்' உடைந்து மூழ்கியதில் பத்துப் பேர் இறந்தார்கள்.

வெல்டிங் செய்தவர்கள் மேல்தான் முதலில் பழி விழுந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி வேறொன்றைக் காட்டினார். குற்றம் இரும்பிலும் இருக்கிறது. அந்தக் காலத்து எஃகு குளிரில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் நெளிவதை விட்டுவிட்டு கண்ணாடி மாதிரி உடைகிறது. நம் பாஷையில் சொன்னால், குளிர் வந்ததும் எஃகு விரிசலிடம் வாங்கும் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கிவிடுகிறது.

எஃகு சாதாரணமாக வாங்கும் விலை என்ன என்பதை அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜார்ஜ் இர்வினும், ஹங்கேரியில் பிறந்த எகான் ஓரோவனும் போருக்குப் பிறகு தெளிவாக்கினார்கள். உலோகத்தில் விரிசல் நீளும்போது முனையைச் சுற்றியுள்ள உலோகம் நெளிகிறது. அந்த நெளிவுக்கான செலவு பரப்புச் செலவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. அதைச் செலவில் சேர்த்துவிட்டால் கிரிஃபித்தின் கணக்கு இரும்புக்கும் பொருந்தும். விரிசலின் வரவுக்கு இன்றும் பொறியாளர்கள் போடும் குறியீடு கிரிஃபித்தின் பெயரின் முதலெழுத்துதான்.

மறுபடி ஃபார்ன்பரோ

1954 ஜனவரி 10-ல் 'காமெட்' என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானம் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே உடைந்து விழுந்தது. 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8-ல் நேப்பிள்ஸ் அருகே இன்னொரு காமெட். 21 பேர். விசாரணை எங்கே நடந்தது தெரியுமா? கிரிஃபித் கண்ணாடிக் குமிழ்களை வெடிக்க வைத்த அதே ஃபார்ன்பரோவில்.

இன்னொரு காமெட் விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஒவ்வோர் ஏற்றமும் ஒரு பயணத்துக்குச் சமம். நிஜமாகப் பறந்தது 1,221, தொட்டியில் 1,836, ஆக 3,057 பயணம் ஆனபோது அதன் உடல் கிழிந்தது. திறப்பின் மூலையில் ஒரு சின்ன விரிசல் ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது. எல்லைக்கோடு வரும்வரை ஊர்ந்தது, தாண்டியதும் ஓடியது.

பார்க்க முடியாத விரிசல்

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் 1928-ல் திறந்த 'சில்வர் பிரிட்ஜ்'. கம்பி வடத்துக்குப் பதிலாக, கண் வைத்த எஃகுப் பட்டைகளைச் சங்கிலி போலக் கோத்துத் தொங்கவிட்ட பாலம். பலமான எஃகு, அதனால் ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டைகள் போதும் என்று வைத்தார்கள்.

பலமான எஃகில் ஒரு பொறி இருக்கிறது. பலம் அதிகம் என்பதால் அதிக விசை ஏற்றுவோம், வரவு வர்க்கத்தில் ஏறும். அதே நேரம் அது நெளிவது குறைவு, செலவு இறங்கும். எல்லை நீளம் இரண்டு பக்கமும் அடி வாங்கிச் சுருங்கிவிடும்.

1967 டிசம்பர் 15, மாலை ஐந்து மணி, வண்டிகள் நெரிசலாகப் போகும் நேரம். ஒரு பட்டையின் கண்ணுக்குள் இருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல் தன் எல்லையைத் தொட்டது. ஒரு பட்டை போனதும் சங்கிலி அறுந்தது. பாலம் முழுவதும் சுமார் ஒரு நிமிடத்தில் ஆற்றில் கிடந்தது. 46 பேர் இறந்தார்கள். அந்த விரிசல் இருந்த இடம் இணைப்பின் உட்பக்கம். இணைப்பைக் கழற்றாமல் யாரும் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

இதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் பாலங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்ய நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது (1971). விமானத் துறையிலும் எழுபதுகளில் சிந்தனை தலைகீழாக மாறியது. விரிசல் இல்லை என்று நம்பி வடிவமைக்காமல், விரிசல் முதல் நாளே இருக்கிறது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுகிறார்கள். நம் கருவியால் கண்டுபிடிக்க முடிகிற மிகச்சிறிய விரிசல் எவ்வளவு? அது எல்லை நீளத்தை எட்ட எத்தனை பயணம் ஆகும்? அதற்குள் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட வேண்டும்.

எனக்கு இதில் பிடித்தது இந்த நேர்மைதான். குறையே இல்லாத பொருள் கிடையாது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பாதுகாப்பு வந்திருக்கிறது. கிரிஃபித் கண்ணாடியைப் பார்த்து 1921-ல் சொன்னது அதைத்தான். எல்லாவற்றிலும் விரிசல் இருக்கிறது. எவ்வளவு நீளம், எவ்வளவு பாரம், பொருள் கேட்கும் விலை என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் யாராவது விடை எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் விஷயம். சில்வர் பிரிட்ஜில் முதல் கேள்விக்கு விடை எழுத வழியே இல்லாதபடி கட்டிவிட்டார்கள்.

அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.